மெமோவில் இருக்கிற பெயர்

உக்காரு கோமதி. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காரு. பிளாஸ்க்ல டீ இருக்கு, நீயே ஊத்திக்கோ. நான் காலைத் தூக்கி ஸ்டூல்ல வச்சிட்டேன், இனிமே அரை மணி நேரத்துக்கு எறக்க மாட்டேன். என் காலைப் பாக்காத. கட்டு போட்டிருக்கு, அவ்வளவுதான். முப்பத்தொரு வருசம் ஆப்பரேசன் தியேட்டர்ல நின்ன காலு வேற எப்பிடி இருக்கும்? நீ வந்த விசயத்தைப் பேசு.

பேசவும் வேண்டாம். எனக்குத் தெரியும். நர்சுங்க சங்கத்துச் செயலாளர் ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிள்ளைங்களை வீட்டுல விட்டுட்டு, என் குவார்ட்டர்ஸ் படியேறி வந்திருக்கான்னா பையில டைப் அடிச்ச லெட்டர் ஒண்ணு இருக்கு. 'நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது'. கீழ பியூலா, தியேட்டர் பொறுப்பு செவிலியர். நான் கையெழுத்துப் போட்டா டீன் ஆபீஸ்ல எனக்குக் குடுத்த மெமோவைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. போடலைன்னா பதினேழு பி பிரிவுல நடவடிக்கை, விசாரணை. அஞ்சு மாசத்துல வார ரிட்டயர்மென்ட் நின்னுபோயிரும், பென்சன் கிடப்புல கெடக்கும். இதானே? உனக்குச் சிரமம் இல்லாம நானே சொல்லிட்டேன். இப்ப டீயைக் குடி.

போட மாட்டேன். ஏன்னு கேக்காம நீ எந்திரிக்க மாட்ட, அதனால சொல்லுதேன். நீ வார்டுலயே இருந்தவ. தியேட்டர்ல நடக்கது உங்களுக்கெல்லாம் காத்து வாக்குல வாரதுதான். பியூலா சிஸ்டருக்கு வாய் நீளம், சீஃப் டாக்டரையே எதுத்துட்டாங்கன்னு பேசியிருப்பீங்க. பேசுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

பேச்சிமுத்துன்னு ஒரு ஆளு. கேஸ் சிலிண்டர் போடுதவன். நாப்பத்திமூணு வயசு, மூணாவது மாடிக்கு ஒத்தத் தோள்ல தூக்கிட்டுப் போற ஒடம்பு. வயிறு பெருசாகுது, பெருசாகுதுன்னு ஒரு வருசமா எல்லாரும் கேலி பண்ணியிருக்காங்க. அவனும் சேந்து சிரிச்சிருக்கான். பொறவு பெல்ட்டு போட முடியல, ராத்திரி மல்லாந்து படுக்க முடியல. ஸ்கேன் எடுத்தா வயித்துக்குப் பின்னால, முதுகெலும்போட ஒட்டுன மாதிரி ஒரு கட்டி. தேங்கா சைஸு இல்ல கோமதி. பலாப்பழம் சைஸு.

எங்க சீஃப் சிவசைலம் சாரு. புத்துநோய்க் கட்டி எடுக்கதுல இந்த நாலு மாவட்டத்துல அவரு கைக்கு ஈடு கிடையாது. இதை நான் கோவத்துலயும் சொல்லுவேன். பதினாலு வருசம் அவருக்கு எதுத்தாப்புல நின்னு கத்தி எடுத்துக் குடுத்திருக்கேன். அவரு கை நீட்டுததுக்கு முன்னால அவருக்கு என்ன வேணும்னு என் கைக்குத் தெரியும். ஆனா அந்த மனுசனுக்கு ஒரு வியாதி உண்டு. இன்னொருத்தர் வேணும்னு சொல்ல வாய் வராது. கேட்டா கௌரவம் கொறஞ்சிரும். அப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானா சொல்லு. ஒத்தாசை கேக்கதுல என்ன கௌரவம் போகுது?

திங்கக்கிழமை மத்தியானம் மறுநாள் கேசுக்குச் சாமான் எடுத்து வச்சிட்டு இருக்கேன். அந்த ஸ்கேன் படத்தை லைட்டுப் பொட்டில மாட்டியிருந்தாங்க. பாத்தேன். நான் டாக்டர் இல்ல. ஆனா முப்பத்தொரு வருசமா படம் பாக்கேன். கீழ்ப்பாதி ஒடம்புல இருந்து ரத்தத்தை நெஞ்சுக்கு ஏத்துத பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு இருக்குல்லா, கட்டைவிரல் தண்டிக்கு, முதுகெலும்பு ஓரமா நேரா மேல போகும். இந்தப் படத்துல அது பாதி தூரம் வருது, கட்டிக்குள்ள போகுது, காணாமப் போகுது. அந்தப் பக்கம் மறுபடி வெளிய வருது.

அப்பிடி இருந்தா என்ன செய்யணும்? ரத்தக்குழாய் டாக்டரை மொதல்லயே கூப்பிடணும். நம்ம ஆஸ்பத்திரியிலயே இருக்காரு, உதுமான் சாரு. பின்னால பழைய பில்டிங்ல, சர்க்கரை வியாதிக்காரங்க காலெல்லாம் பாத்துட்டு, யாருக்கும் தெரியாம. அவரு மொதல்லயே வந்தாருன்னா கட்டியைத் தொட மாட்டாரு. குழாயைத் தேடுவாரு. கட்டிக்கு மேல ஒரு நாடா, கீழ ஒரு நாடா, குழாயைச் சுத்திப் போட்டு வச்சிக்கிடுவாரு. பொறவு வெட்டும்போது எங்க பிஞ்சாலும் ரெண்டு நாடாவையும் இறுக்குனாப் போதும், ரத்தம் நிக்கும். வீட்டுல குழாயை மாத்தணும்னா வால்வு எங்க இருக்குன்னு மொதல்ல பாக்க மாட்டோமா? அதான். ரொம்பப் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல.

ஆனா எங்க தியேட்டர்ல ஒரு வழக்கம். ரத்தக்குழாய் தைக்கிற சாமான் தனி டிரேல இருக்கும். அதை முன்கூட்டியே வெளிய எடுத்து வச்சா அன்னைக்கு ரத்தம் வந்தே தீரும்னு ஒரு நம்பிக்கை. எந்தக் காலத்துல யாரு சொன்னாங்களோ, இன்னைக்கும் பச்ச ட்ரெஸ் போட்ட அத்தனை பேரும் நம்புதாங்க. சிவசைலம் சாரு கண்ணுல அந்த டிரே பட்டா முகம் சுருங்கும். "நான் குழாயை அறுத்துருவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா சிஸ்டர்"னு கேப்பாரு. டிரேக்கே இந்தப் பாடுன்னா, அந்த டிரேக்கு உரிய டாக்டரை முன்னாலயே கூப்பிட்டா என்ன ஆகும்? நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, சகுனம் பாக்க மாட்டேன். தியேட்டர் செருப்புல இடது காலை மொதல்ல மாட்டுவேன், அது வேற, அது பழக்கம்.

டிரேயைச் சுத்தம் பண்ணி, நீராவியில வச்சி எடுத்து, டிராலிக்கு அடித்தட்டுல வச்சி, மேல பச்சத் துணி போட்டு மூடினேன். பொறவு உதுமான் சாருக்குப் போன் போட்டேன். "சார், நாளைக்கு ஒம்பதரைக்கு எங்க தியேட்டருக்கு வரணும்"னேன். "சீஃப் கூப்பிட்டாரா சிஸ்டர்"னு கேட்டாரு. "ஆமா சார்"னேன்.

அதைத்தான் மெமோவுல 'தவறான தகவல்'னு போட்டிருக்காங்க. எது தவறு? சீஃப் வாயைத் தொறந்து கூப்பிடல, அவ்வளவுதானே. அந்தப் படம் கூப்பிட்டுச்சு. நான் சத்தம் குடுத்தேன். அதுல பொய் எங்க இருக்கு? எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமே கிடையாது.

செவ்வாக்கிழமை சரியா ஒம்பதரைக்கு வந்துட்டாரு. தொப்பி, மாஸ்க்கு, எல்லாம் போட்டு, ஸ்கேனை வேற ராத்திரியே கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்திருக்காரு. சீஃப் அப்பதான் வயித்தைத் தெறந்திருந்தாரு. நிமுந்து பாத்தாரு. "யாரு கூப்பிட்டா உங்களை?"ன்னாரு.

உதுமான் சாரு என்னையப் பாத்தாரு. நான் கத்திரியைப் பாத்தேன். ஒரு வார்த்தை அவரு காட்டிக் குடுக்கலை. "சும்மா வந்தேன் சார், ஸ்கேன் பாத்தேன், மொதல்ல குழாயைப் பிடிச்சு வச்சிட்டா நல்லதுன்னு தோணிச்சு"ன்னாரு. "தேவைப்பட்டா சொல்லி அனுப்புதேன்"னாரு சீஃப். அவ்வளவு பெரிய படிப்பு படிச்ச மனுசன், போயி வெளிய காரிடார் பெஞ்சுல உக்காந்தாரு. ட்ரெஸ்ஸைக் கூட மாத்தல. கையைக் கட்டிக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தாரு. கதவு கண்ணாடி வழியா எனக்கு அவரு தொப்பி தெரியும்.

பதினொண்ணுக்குக் கால் மணி இருக்கும். கட்டியை மூணு பக்கமும் பிரிச்சாச்சு. நாலாவது பக்கம் அந்தக் குழாய். பிரிக்கும்போது பிஞ்சிட்டு. தமனின்னா பீச்சி அடிக்கும், இங்க இருக்கேன்னு ஆளைக் காட்டிக் குடுத்துரும். இது சிரை. சத்தமே வராது. கிணத்துல ஊத்துத் தண்ணி மாதிரி அடியில இருந்து நெறையும். நான் துணி குடுக்கேன், குடுக்கேன், குடுத்துட்டே இருக்கேன், ஒவ்வொண்ணும் செவப்பா வெளிய வருது. உறிஞ்சுத குழாயால ஈடு குடுக்க முடியல. மயக்க டாக்டரம்மா தலைமாட்டுல இருந்து சொல்லுதாங்க, "பிரஷர் எம்பது சார்." சீஃப் இன்னொரு துணிக்குக் கை நீட்டுதாரு. "எழுபது சார்." தையல் நூல் கேட்டாரு. குடுத்தேன். அந்தக் குழாய்ச் சுவரு நனைஞ்ச காயிதம் மாதிரி, ஊசி போட்ட எடத்துல இன்னும் கிழியும். கிழிஞ்சிச்சு. "அறுபது சார்." இன்னொரு நூல் கேட்டாரு.

அவரு வாயையே பாக்கேன் கோமதி. ஒரு பேரு. அந்த ஒரு பேரைச் சொன்னாப் போதும். நாலே எழுத்து. வரமாட்டேங்கு. கேஸ் சிலிண்டர் தூக்குத மனுசன், நாலு நாளைக்கு முன்னால என்கிட்ட "நல்லாயிருவேன்லா சிஸ்டர்"னு கேட்டவன், வெள்ளையா ஆயிட்டே வாரான்.

நான் கதவைப் பாத்துக் கத்துனேன். "உதுமான் சார், உள்ள வாங்க."

கையைக் கழுவிட்டு அவரு வரதுக்குள்ள சீஃப் ஒரு காரியம் பண்ணுனாரு. நூலைக் கீழ போட்டுட்டு, ஓட்டை எங்கன்னு தடவிப் பிடிச்சு, ஆள்காட்டி விரலை அதுமேல வச்சி அமுக்கிட்டாரு. உதுமான் சாரு எட்டிப் பாத்தாரு. "விரலை எடுக்காதீங்க சார்"ன்னாரு. "எடுக்கலை"ன்னாரு சீஃப். நான் குனிஞ்சு பச்சத் துணியை எடுத்தேன். டிரேயைப் பாத்ததும் சீஃப் கண்ணு ஒரு தடவை என்மேல வந்துட்டுப் போச்சு.

பதினெட்டு நிமிசம். நான் கடிகாரத்தைப் பாத்தேன். உதுமான் சாரு கட்டிக்குக் கீழ குழாயைத் தேடிப் பிடிச்சு ஒரு கிளாம்ப்பு, மேல தேடிப் பிடிச்சு ஒரு கிளாம்ப்பு. அத்தனை நேரமும் அந்த விரலு அசையல, நடுங்கல. வேற யாரு விரலா இருந்தாலும் பேச்சிமுத்து அன்னைக்குப் போயிருப்பான். இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். பொறவு ரெண்டு பேரும் சேந்து, கட்டியை அந்தக் குழாய்த் துண்டோட ஒண்ணா வெட்டி எடுத்தாங்க. குழாயை விட்டுட்டுக் கட்டியை மட்டும் சொரண்டி எடுத்தா வேரு உள்ளயே கெடக்கும், திரும்ப வரும். வெட்டுன குழாய் இருந்த எடத்துல ஒரு செயற்கைக் குழாய். வெள்ளை வெளேர்னு, வளையம் வளையமா. உதுமான் சாரு குனிஞ்ச தலை நிமிராம ரெண்டு முனையும் தச்சாரு. கிளாம்ப்பை எடுத்தாரு. அந்த வெள்ளைக் குழாய் மெல்ல நீலமாச்சு. ரத்தம் மேல போகுது. பதினோரு பாட்டில் ரத்தம் ஏத்தியிருந்தோம்.

கட்டி ஆறு கிலோ. சீஃப் இல்லாம அந்தக் கட்டி வந்திருக்காது. உதுமான் சாரு இல்லாம ஆளு வந்திருக்க மாட்டான். கணக்கு அம்புட்டுதான்.

வெளிய வந்து கையுறையைக் கழட்டுதோம். உதுமான் சாரு என் காலைப் பாக்காரு. சாக்ஸு நனைஞ்சிருந்துச்சு போல, நான் கவனிக்கல. "சிஸ்டர், வெரிகோஸ் நரம்பு பெருசாப் புடைச்சிருக்கு, புண்ணு வச்சிருச்சு. வியாழக்கிழமை என் ஓ.பி.க்கு வாங்க"ன்னாரு. சரி சார்னேன். போகல. எனக்குத் தெரியாத புண்ணா? நானே சுத்தம் பண்ணி, நானே கட்டுப் போட்டுக்கிடுதேன். பொறவு நாலு தடவை போன் பண்ணிட்டாரு. எடுக்கல. அதை விடு.

பேப்பர்ல வந்ததைப் பாத்திருப்ப. 'ஆறு கிலோ கட்டியை அகற்றி அரசு மருத்துவர்கள் சாதனை'. போட்டோவுல சீஃபு, அவரு துறை ஆளுங்க, தட்டுல கட்டி. உதுமான் சாரு அந்த நேரத்துல ஓ.பி.யில யாரு காலையோ பாத்துட்டு இருந்தாரு. நான் பேப்பரைக் கொண்டுபோயிக் காட்டுனேன். "விடுங்க சிஸ்டர், ஆளு நடக்கான்லா"ன்னாரு. அவருமேலயும் எனக்குக் கோவம்தான். இப்பிடிப் பழைய பில்டிங்ல ஒதுங்கியே இருந்தா இப்பிடித்தான்.

சரி, நானும் விட்டேன். பேப்பருக்காக நான் சண்டைக்குப் போகல. அதை நல்லா மனசுல வச்சிக்கோ, சங்கத்துல கேட்டாச் சொல்லணும்.

ரெண்டு மாசம் கழிச்சு முப்பிடாதி வந்தா. பேச்சிமுத்து பொண்டாட்டி. தியேட்டர் வாசல்ல வந்து நிக்கா, கையில டிஸ்சார்ஜ் கார்டு. "சிஸ்டர், எங்க ஊரு டாக்டரு மாத்திரையை நிப்பாட்டச் சொல்லிட்டாரு. மூணு நாளா அவுகளுக்கு ரெண்டு காலும் வீங்குது." எந்த மாத்திரைன்னு கேட்டா, ரத்தம் உறையாம இருக்கதுக்கு உதுமான் சாரு குடுத்தது. அந்த ஊரு டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது. கார்டை வாங்கிப் பாத்தேன். 'கட்டி அகற்றப்பட்டது. அருகில் இருந்த சிரை சரிசெய்யப்பட்டது.' முடிஞ்சு போச்சு. உள்ள ஒரு செயற்கைக் குழாய் இருக்குன்னு ஒரு எழுத்து இல்ல. வச்சது யாருன்னு இல்ல. இதைப் பாத்த டாக்டரு, வயித்து ஆப்பரேசன் பண்ணவனுக்கு எதுக்கு இந்த மாத்திரைன்னு நிப்பாட்டியிருக்காரு.

வீல் சேர்ல வச்சி நானே தள்ளிட்டுப் போயி உதுமான் சாரு முன்னால நிப்பாட்டுனேன். குழாய்க்குள்ள ரத்தம் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. முழுசா அடைக்கல. ஒரு வாரம் அட்மிசன் போட்டு ஊசி போட்டுச் சரி பண்ணாரு. "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா கஷ்டம் சிஸ்டர்"ன்னாரு. ஓ.பி. சீட்டுல எல்லாம் எழுதிக் குடுத்தாரு. ஓ.பி. சீட்டு எத்தனை நாளைக்கு இருக்கும்? மழைக்கு நனையும், பிள்ளை கப்பல் விடும். ஆஸ்பத்திரிக் கோப்புல இருக்கணும்லா.

அதுக்குத்தான் சீஃப் ரூமுக்குப் போனேன். சத்தம் போடல. "சார், ஆப்பரேசன் குறிப்புல ஒரு வரி. ரத்தக்குழாய் மாத்துனது டாக்டர் உதுமான், இன்ன குழாய், இன்ன நீளம். அது போதும்"னேன். "டைப் ஆகி ரெக்கார்டுக்குப் போயிருச்சு சிஸ்டர்"ன்னாரு. "திருத்தலாம்லா சார்"னேன். "அவரை யாரு கூப்பிட்டான்னும் அதுலயே எழுதவா"ன்னாரு. "எழுதுங்க சார், நான்தான், உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்"னேன். பதினெட்டு நிமிசம் விரலை வச்சிருக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு வரி எழுத மனசு வரல. எனக்கு அழுகை வந்துச்சு, அவரு முன்னால அழல. அடுத்த வாரம் மெமோ.

இந்தா, படிச்சுப் பாரு. 'துறைத் தலைவரின் அனுமதியின்றி, தவறான தகவல் அளித்து, ரத்தநாள அறுவை மருத்துவர் டாக்டர் உதுமான் அவர்களை, உள்நோயாளி எண் 4417 பேச்சிமுத்து என்பவரின் அறுவை சிகிச்சைக்கு வரவழைத்தமைக்கு'. இன்னொரு தடவை படி. பேரு இருக்கா? டாக்டர் உதுமான். நம்பர் இருக்கா? நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. அந்த ஆஸ்பத்திரியில லட்சம் காயிதம் இருக்கு கோமதி. உதுமான் சாரு அந்த ஆப்பரேசனுக்கு வந்தாருன்னு சொல்லுத கவர்மெண்டுக் காயிதம் இது ஒண்ணுதான். டீன் கையெழுத்து, சீலு எல்லாம் போட்டு. என்னையக் கண்டிக்கணும்னு எழுதி, உண்மையை எழுதிட்டாங்க. இப்ப நான் வருந்துகிறேன்னு எழுதுனா அவங்க இதைக் கிழிப்பாங்க. கிழிச்சா என்ன மிச்சம்? அந்த ஆளு வயித்துக்குள்ள ஒரு குழாய், அதுக்கு ஒரு சாட்சி கிடையாது.

அதனால உன் லெட்டரை மடிச்சுப் பையில வச்சிக்கோ. என் பதிலை நானே எழுதிட்டேன், அந்த டிவி மேல இருக்கு. மூணே வரி. 'மெமோவில் கண்டது உண்மை. டாக்டர் உதுமான் அவர்களை நான்தான் வரவழைத்தேன். அவர் அந்நோயாளிக்குச் செயற்கை ரத்தக்குழாய் பொருத்தினார்.' அதுக்குக் கீழ பாரு, நகல்னு போட்டிருக்கேன்லா. டீனுக்கு ஒண்ணு, துறைத் தலைவருக்கு ஒண்ணு. மூணாவது, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, உள்நோயாளி எண் 4417 கோப்பில் சேர்க்க. மெமோவோட பிரதியையும் இணைச்சிருக்கேன். தபால் பிரிவுல நேத்தே குடுத்து, மூணுக்கும் சீல் வாங்கியாச்சு. இனி அவங்க மெமோவைக் கிழிச்சாலும் பேச்சிமுத்து கோப்புல அது இருக்கும். பத்து வருசம் கழிச்சு எந்தச் சின்ன டாக்டர் பிரிச்சுப் பாத்தாலும் இருக்கும்.

விசாரணை வைக்கட்டும். பென்சனை நிப்பாட்டட்டும். வந்து நின்னு பதில் சொல்லுவேன். எத்தனை மணி நேரம் வேணும்னாலும் நிப்பேன், எனக்கு நின்னு பழக்கம்.

டீ ஆறிப்போச்சு பாரு. நீ சங்கத்துல சொல்லு, பியூலா கேக்கலைன்னு சொல்லு. கெளம்புதியா? இரு, வாசல் வரைக்கும் வாரேன். இந்த ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளு. ஒண்ணும் இல்ல, எறக்கும்போது கொஞ்சம் இழுக்கும், கட்டு நனைஞ்சிருக்கு. உதுமான் சாருக்குப் போன் போடவான்னா கேக்க? போனைக் கீழ வை கோமதி. கையையும் குடுக்க வேண்டாம், நான் எந்திரிச்சுக்கிடுவேன். தள்ளிக்கோன்னு சொல்லுதேன்லா. யாரு கூப்பிட்டா உன்னைய?